பங்கர் படிக்கு முதிரைப் பலகை

மாமா கனடாவில் இருந்து வந்தபோது அவருடைய பெட்டிக்குள் முழங்காலுக்குக் கட்டுகிற இரண்டு கறுப்பு மெத்தைகள் இருந்தன. ஆள் கிரிக்கெட் விளையாடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, மட்டையும் பந்தும் அடியில் இருக்கும் என்று நான் சட்டைகளைக் கிளறினேன். சொக்லேற் பைகளுக்கும் தைலப் போத்தல்களுக்கும் கீழே ஒரு சுத்தியல், சில உளிகள், இழுக்க இழுக்க நீளுகிற அளவுநாடா, நடுவில் தண்ணீர்க்குமிழி ஓடுகிற மஞ்சள் கட்டை ஒன்று. வெளிநாட்டில் இருந்து வருகிற ஆள் சுத்தியல் கொண்டுவந்ததை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை. பார்க்க வந்த சனம் போகும்போது, தம்பிக்கு அங்கே சுகமில்லையோ என்று அம்மாவின் காதுக்குள் கேட்டுவிட்டுப் போனது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கனடாவில் அவருக்கு மற்றவர்களின் வீடுகளுக்குப் பலகையில் நிலம் போடுகிற வேலை. நாள் முழுக்க முழங்காலில் நின்று செய்கிற வேலையாம், அதுதான் மெத்தை. சண்டை எங்கள் பக்கம் கடுமையாவதற்கு முன்பே போனவர், அதற்குப் பிறகு வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் சோதனை வருஷம். படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அறிய எனக்கு ஆசையாக இருந்தது. அப்பா என்னை விடுப்புக்காரி என்றுதான் கூப்பிடுவார். ஊரில் எங்கே என்ன நடந்தாலும் போய் நின்று விடுப்புப் பார்க்கிற ஆள் நான் என்பதால், அதில் எனக்குப் பெரிய கோபம் ஒன்றும் இல்லை.

எங்கள் வீடு புளியங்குளத்தில் இருந்து உள்ளே போகிற செம்மண் ரோட்டில் இருந்தது. சண்டை நேரத்தில், ஊரில் மற்றவர்கள் எல்லோரும் குண்டுக்கு ஒளிகிற பங்கரை வளவுக்குள் வெட்டியபோது அப்பா மட்டும் வீட்டுக்குள்ளேயே, பின் அறையின் நிலத்தைத் தோண்டி வெட்டினார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து ஓடுகிற நேரம் மிச்சம் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கைக்குழந்தை நான். எனக்கு அதில் ஒன்றும் ஞாபகம் இல்லை. கிபிர் விமானம் இரைகிற சத்தம் கேட்டால், அப்பா அறை வாசலுக்கு வருவதற்குள் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே போய்ச் சேர்ந்துவிடுவாவாம். அதை அப்பா சொல்லும்போது நான் யாரோ ஒரு வீட்டுக் கதையைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டேன்.

பிறகு எல்லோரையும் போல நாங்களும் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்தோம். வீட்டுக்குக் கூரை இல்லை, சுவரிலும் பாதி இல்லை. தண்டவாளத்தை அடுக்கி மேலே கொங்கிறீற் போட்டிருந்த பங்கர் மட்டும் விட்டுப்போனபடியே இருந்தது. வீட்டுத்திட்டத்தில் புது வீடு கிடைத்தபோது பழைய அத்திவாரத்திலேயே அதைக் கட்டினோம். அதனால் அந்த ரோட்டில் எங்கள் வீட்டுக்கு மட்டும் கீழே ஓர் அறை மிஞ்சியது. அதன் வாயில் ஒரு பலகை மூடி போட்டு, உள்ளே பழைய சைக்கிள் ரயர்களையும் உரப்பைகளையும் வெங்காயத்தையும் வைத்திருந்தோம்.

அம்மா அதற்குள் இறங்கி நான் கண்டதே இல்லை. வெங்காயம் வேண்டும் என்றால் என்னைத்தான் அனுப்புவா. பின் அறையைக் கூட்டும்போதும் மூடியைச் சுற்றிக் கூட்டுவாவே தவிர, அதன்மேல் காலை வைக்கமாட்டா. ஏன் இறங்குவதில்லை என்று கேட்டால் அங்கே பூரான் கிடக்கிறது என்பா. பூரான் கிடக்கிற இடத்துக்கு என்னை மட்டும் அனுப்புவது ஏன் என்று கேட்டால், போய்ப் படி என்பா. அப்பா இதையெல்லாம் பேசாமல் கவனித்திருக்கிறார். ஒரு நாள் அதை மூடிவிடுவோம் என்று முடிவெடுத்து, ஒரு லோட் கிரவல் மண் கொண்டுவந்து கொட்டும்படி உழவு மெசின்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் மாமா வந்தார். வந்த இரண்டாம் நாள் மூடியைத் தூக்கிவிட்டு உள்ளே இறங்கியவரை வெகுநேரம் காணவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அவர் சுவரில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. மேலே வந்ததும், இதை மூடக் கூடாது என்றார். கனடாவில் வீட்டுக்கு வீடு நிலத்துக்குக் கீழே அறை இருக்கிறது, சனம் அதைச் சோடித்து வைத்திருக்கிறது, வெயில் காலத்தில் அதைப்போல குளிர்ந்த இடம் வேறு இல்லை என்றார். தானே அங்கே ஒருவருடைய வீட்டின் கீழ் அறையில்தான் வாடகைக்கு இருக்கிறாராம். ஜன்னல் கூரைக்குக் கிட்ட இருக்குமாம், அதற்குள்ளால் பார்த்தால் ரோட்டில் போகிறவர்களின் சப்பாத்து மட்டும்தான் தெரியுமாம்.

அப்படி ஒரு ஜன்னல் எனக்கும் வேண்டும் என்று தோன்றியது. அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றா.

"நிலத்துக்குக் கீழையோ இருக்கிறாய்? ஏன் தம்பி, அங்கையும் ஆரும் அடிக்கிறாங்களோ?"

மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டிருக்கிறா.

அன்று இரவுச் சாப்பாட்டோடு ஓர் ஒப்பந்தம் ஆனது. மாமா அந்தப் படிகளைத் திருத்தி, பலகை போட்டு, கனடா வீட்டுப் படி மாதிரி ஆக்குவார். முடிந்ததும் அம்மா ஒரே ஒரு தடவை இறங்கிப் பார்க்க வேண்டும். பிடித்திருந்தால் அது என்னுடைய படிப்பறை. பிடிக்காவிட்டால் மாமாவே முன்நின்று கிரவலைக் கொட்டுவிப்பார். அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, முதல் முடியட்டும் பாப்பம் என்றா. வகுப்பில் தனி அறை உள்ள பிள்ளை ஒருத்தியும் இல்லை. நிலத்துக்குக் கீழே தனி அறை உள்ள பிள்ளை இலங்கையிலேயே இல்லை என்று நான் அடுத்த நாளே பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன். இனி எல்லாம் அம்மாவின் காலில்தான் இருந்தது.

முதிரைப் பலகை வவுனியாவில் ஒரு மரக்காலையில் வாங்கினோம். கடைக்கார முஸ்லிம் நானா, மேலே போகிற படிக்குத்தான் எல்லோரும் பலகை கேட்பார்கள், கீழே போகிற படிக்குக் கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான் என்று சொல்லிச் சிரித்தார். அளந்து அரிந்து கொண்டுவந்த பலகையை உடனே அடிப்பார் என்று பார்த்தால், மாமா அதை விறாந்தையில் இடைவெளி விட்டு அடுக்கி, இனி ஒரு கிழமைக்குத் தொடக் கூடாது என்றார். புது மரம் வீட்டின் காற்றுக்குப் பழக வேண்டுமாம். பழகாமல் அடித்தால் பிறகு வளைந்து கிளம்பிவிடுமாம்.

அப்பா பலகையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். "வன்னிக் காட்டிலை வளந்த முதிரை, மச்சான். அதுக்கு வன்னிக் காத்துப் பழக வேணுமோ?"

மாமா விடவில்லை. காட்டுக் காற்று வேறு, வீட்டுக் காற்று வேறு என்றார். அன்றில் இருந்து அப்பா காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது பலகையைப் பார்த்து, என்ன, இரவு நித்திரை வந்ததோ என்று விசாரிப்பார். நானும் பள்ளிக்கூடம் போகும்போது அதற்குப் போட்டுவாறன் சொல்லிவிட்டுப் போவேன்.

பலகை பழகிக்கொண்டிருக்க, மாமா முழங்காலில் மெத்தையைக் கட்டிக்கொண்டு படிகளில் இறங்கினார். பலகை போடுவது பெரிய வேலை இல்லை, படியை ஆயத்தப்படுத்துவதுதான் வேலை என்று சொன்னார். எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. முதலில் மேலே கிடந்த சாக்கைக் கழற்றினார். சாக்குக்குக் கீழே ரயரில் வெட்டிய ரப்பர். மழை நாளில் வழுக்காமல் இருக்க அப்பா அடித்தது. அதற்குக் கீழே தகரம், தகரத்துக்குக் கீழே சீமெந்துப் பூச்சு. அதையும் உடைத்தால், கறுத்து, தார் மணத்தோடு, ரயில் பாதையில் இருந்து வந்த சிலிப்பர் கட்டைகள். என் வாழ்க்கையில் நான் ரயிலில் ஏறியதே இல்லை. அதன் கட்டைகளுக்கு மேலால் தினமும் வெங்காயம் எடுக்கப் போயிருக்கிறேன் என்பது பெரிய புதினமாக இருந்தது. இவ்வளவு காலம் மண்ணுக்குள் கிடந்தும் ஒன்றில்கூடக் கறையான் இல்லை.

ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டோம். சுரண்டிய இடத்தைத் தும்புக்கட்டையால் கூட்டி, ஈரத் துணியால் துடைத்து, திரும்பவும் கூட்டினார். அவர் வேலை செய்யும்போது நான் கேள்வி கேட்டேன், கேள்வி கேட்கும்போது அவர் வாயில் ஆணியை வைத்திருந்தார், அதனால் பாதிக்கு மறுமொழி கிடைக்கவில்லை. அம்மா குசினியில் இருந்து எங்களைக் கவனித்தபடி இருந்தா. எந்தப் படியில் வழுக்கும் அக்கா என்று மாமா கீழே இருந்து கேட்டால், எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று உடனே மறுமொழி வரும். மற்ற எந்தக் கேள்விக்கும் அம்மாவிடம் இருந்து அவ்வளவு கெதியாக மறுமொழி வந்ததில்லை.

பிறகு அளவுநாடாவை எடுத்தார். அதோடு அவருடைய சந்தோஷம் போனது. ஒரு படி உயரம், அடுத்தது பதிவு. ஒன்று முன்பக்கம் சரிந்திருந்தது. நடுவில் ஒரு படி இருந்தது, அதைப் படி என்றே சொல்ல முடியாது, உள்ளங்கை அகலம்தான் உயரம். நான் எப்போதும் கால் இடறுகிற இடம் அது. தண்ணீர்க்குமிழி வைத்த கட்டையை எங்கே வைத்தாலும் குமிழி ஒரு பக்கத்துக்கு ஓடியது. கனடாவில் இப்படி ஒரு படி இருந்தால் அரசாங்கத்து ஆள் வந்து வீட்டையே பூட்டிவிட்டுப் போவான் என்று மாமா தலையில் கையை வைத்தார். ஒரு விரல் வித்தியாசம் இருந்தாலே ஆள் விழுந்துவிடுமாம். மனுசருடைய கால் முதல் இரண்டு படியில் உயரத்தைப் பழகிவிடும், பிறகு கண் பார்க்காது, கால் தன்பாட்டில் போகும் என்று எனக்கு விளக்கினார்.

அப்பாவைக் கேட்டோம். சிலிப்பர் ஒரே நாளில் கிடைக்கவில்லை, கிடைக்கக் கிடைக்கப் போட்டேன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொத்தம் என்றார். அந்தச் சின்னப் படி வைத்த அன்று செல் குண்டு விழத் தொடங்கிவிட்டதால் கீழே இன்னும் வெட்ட நேரம் கிடைக்கவில்லையாம், கட்டையை அப்படியே மண்ணில் அழுத்திவிட்டு எல்லோரும் உள்ளே இறங்கிவிட்டார்களாம். அதை அவர், மழை வந்ததால் உடுப்பை எடுத்தோம் என்கிற மாதிரிச் சொன்னார். மாமா கையில் இருந்த நாடா தன்பாட்டில் உள்ளே சுருண்டு போனது.

ஆனால் படி படிதான். சில சிலிப்பர்களைக் கிளப்பி அடி மண்ணை வெட்டி இறக்கினார், சிலவற்றுக்குக் கீழே சீமெந்துக் கலவை போட்டு உயர்த்தினார். நடுவில் இருந்த அந்தச் சின்னப் படியையும் மற்றவற்றோடு சேர்த்துச் சரிப்படுத்தினார். சீமெந்து இறுக, ஈரச் சாக்குப் போட்டு நானே தண்ணீர் தெளித்தேன். எல்லாம் முடிந்து கட்டையை வைத்துப் பார்த்தபோது, மேலே இருந்து கீழே வரை எந்தப் படியிலும் குமிழி அசையவில்லை. அவ்வளவு நேர்த்தியான வேலை. மாமா அதைப் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினார்.

பலகை அடிப்பதற்கு முதல் நாள், ஆட்கள் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார். நான் ஓடி இறங்கி, ஓடி ஏறினேன். எங்கேயும் இடறவில்லை. அப்பா இறங்கினார், மோசமில்லை என்றார். மாமா இறங்கினார். பிறகு மூன்று பேருமாகச் சேர்ந்து அம்மாவைக் கூப்பிட்டோம். பலகை போட்ட பிறகு இறங்கிறன் என்று அம்மா சொல்லிப் பார்த்தா. மாமா கேட்கவில்லை. பட்டப்பகல், உள்ளே லைற் எரிகிறது, பூரானையெல்லாம் நாங்கள் விரட்டியாச்சு, வாங்கோ அக்கா என்றார்.

அம்மா கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்தா. செருப்பைக் கழற்றினா. நான் முதலே கீழே ஓடிப்போய், என்னுடைய மேசை வரப்போகிற இடத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிக்க வேண்டும், பிடிக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பங்கர் வாயில் வந்து நின்றா. பிறகு இடது கையைச் சுவரில் வைத்தா.

அவ்வளவுதான், இறங்கத் தொடங்கிவிட்டா. பயந்து பயந்து, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்குவா என்று நான் நினைத்திருந்தேன். அம்மா படியையே பார்க்கவில்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, உடம்பைக் கொஞ்சம் சரித்து, நான் ஓடி இறங்கியதிலும் வேகமாக வந்தா. ஒரு சத்தமும் இல்லை. அதைவிடப் புதினம் அவவுடைய வலது கை. அது முழங்கையில் மடிந்து இடுப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. குடம் தூக்கி வருகிற மாதிரி, குடம் இல்லாமல். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சின்னப் படி இருந்த இடத்தில் அம்மாவின் கால் நிலத்தைத் தேடியது. நிலம் அங்கே இல்லை, இன்னும் கீழே இருந்தது.

விழுகிற ஆள் கையை ஊன்றும். நானும் பள்ளிக்கூடத்தில் எத்தனை தரம் விழுந்து உள்ளங்கையைத் தேய்த்திருக்கிறேன். அம்மா ஊன்றவில்லை. மடித்த கையை மடித்தபடியே நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, உடம்பை மற்றப் பக்கம் முறுக்கி, இடது தோளாலும் முகத்தாலும் சுவரில் மோதிக் கீழே வந்து இருந்தா. வந்து இருந்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.

அப்பா ஒரே பாய்ச்சலில் இறங்கினார். கன்னத்தில் உரஞ்சல், தோளில் கண்டல், வேறு ஒன்றும் இல்லை. நான் மேலே ஓடித் தண்ணீர் கொண்டுவந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அழுதுகொண்டிருந்தது அம்மா இல்லை, மாமா. மேல் படியில் குந்தியிருந்து, முழங்கால் மெத்தையில் முகத்தை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். விழுந்தவ அழவில்லை, விழாதவர் ஏன் அழுகிறார்? படி பிழைத்துப்போன வெட்கம் என்று நினைத்தேன். படியில் ஒரு பிழையும் இல்லை மாமா, குமிழி நடுவில்தான் நிற்கிறது என்று நான் கட்டையை வைத்துக் காட்டினேன். அவர் இன்னும் கூடத்தான் அழுதார்.

அப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. யாரில் என்று தெரியாத கோபம். நாளைக்கே மெசினைக் கூப்பிடுறன், இந்தக் கிடங்கு இனி இந்த வீட்டுக்கு வேண்டாம் என்றார். மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓம் அத்தான், மூடுவம் என்றார். என்னுடைய அறை போனது.

அம்மா கன்னத்துக் காயத்தைச் சீலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு அந்த அறையைச் சுற்றிப் பார்த்தா. மேலே தண்டவாளத்தைப் பார்த்தா, மூலையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. பிறகு தன் தம்பியைப் பார்த்துச் சொன்னா.

"மரத்தையே ஒரு கிழமை பழக விட்டனீ. எனக்கும் கொஞ்ச நாள் விடு."

பிறகு ஒருவரும் மெசினைப் பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த நாள் மாமா பலகை அடிக்கத் தொடங்கினார். அம்மா காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் வந்து, படியைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக இறங்கினா. முதலில் இடது கை சுவரிலும் வலது கை இடுப்பிலும்தான் இருந்தன. மாமா கனடாவுக்குத் திரும்பிப் போகிற கிழமையில் ஒரு நாள், வலது கை கீழே தொங்கியபடி வந்ததை நான் கண்டேன். மாமாவும் கண்டார். அவர் உடனே திரும்பி, இல்லாத ஆணி ஒன்றைச் சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார்.

அம்மா விழுந்த அன்று பின்னேரம், அவவுடைய கன்னத்துக்கு மஞ்சள் பூசும்போது நான் கேட்டிருந்தேன். விடுப்புக்காரி கேட்காமல் இருப்பாளா?

"ஏனம்மா மற்றக் கையை ஊண்டேல்லை? ஊண்டியிருந்தா முகத்திலை அடிபட்டிருக்காது எல்லோ?"

அம்மா என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டா.

"அந்தக் கை சும்மா இருக்கேல்லை பிள்ளை."

நான் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. இறங்கும்போதும் ஒன்றும் இருக்கவில்லை, கீழே நின்று கண்ணால் கண்டவள் நான். அம்மா பொய் சொல்கிறா என்றுதான் நினைத்தேன்.